காப்பி எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்

வசந்தின் ஹார்டு டிஸ்க்கைச் சாகடித்தவன் நான்தான். கை தவறிச் செய்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்துச் செய்தேன். மாதக்கணக்கில் ரசித்து ரசித்துச் செய்தேன்.

சிதம்பரத்தில் அவன் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும், "அந்த டிஸ்க் ரொம்ப நாளா மக்கர் பண்ணிட்டே இருந்துச்சு" என்பார்கள். பொய்! அதற்கு ஒரு நோயும் இருந்ததில்லை. நோயை உண்டாக்கியவன் நான். வைத்தியம் பார்க்க ஓடி வந்தவனும் நான். கடைசியில் துக்கம் விசாரிப்பவனைப் போல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றவனும் நான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான். தெரிந்தவர்களில் ஒருத்தியைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல இன்னும் எனக்கு நெஞ்சுரம் வரவில்லை...

நானும் வசந்தும் அண்ணாமலை நகரில் ஒரே லாட்ஜில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். என் சட்டையை அவன் போடுவான், அவன் செருப்பை நான் போடுவேன். படிப்பு முடிந்ததும் நான் என் ஊரான கடலூருக்கே திரும்பி, மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டேன். அவன் சிதம்பரத்திலேயே தங்கிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவனுடைய ஸ்டுடியோவுக்கு முதல் கம்ப்யூட்டரை வாங்கிப் பூட்டிக் கொடுத்தது நான். பிறகு வந்த ஒவ்வொன்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

என் தங்கை அமுதாவின் கல்யாணத்துக்கும் அவன்தான் வீடியோ. வேறு யாரைக் கூப்பிடுவேன்?

முதல்நாள் வரவேற்பில் நின்று நின்று களைத்துப்போயிருந்தாள் அமுதா. காலையில் ஒரு வாய் காப்பிதான் உள்ளே போயிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் அவளுக்கு விக்கல் எடுத்தது. சாதாரண விக்கல்! மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடக் குனிகிறார், அவள் தோள் தூக்கிப்போடுகிறது. அடுத்த முடிச்சு... மறுபடியும். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாராச்சும் பொண்ணுக்குத் தண்ணி குடுங்கோ" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அமுதாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் காலமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ வேண்டிய ஒரு சின்ன விஷயம். அவ்வளவுதான்.

அந்த வாரமே வசந்த் அந்த விக்கலை மட்டும் வெட்டி எடுத்தான். அவள் முகத்தைப் பெரிதாக்கினான். ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு தவளைச் சத்தத்தைச் சேர்த்தான். திரும்பத் திரும்ப ஓடவிட்டு இணையத்தில் போட்டான். என்னைக் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை.

அது ஓடியது... எப்படி ஓடியது! யார் யாரோ எடுத்து, யார் யாரையோ கிண்டல் செய்யப் பயன்படுத்தினார்கள். என் தங்கையின் முகம், மாலையோடும் நெற்றிச்சுட்டியோடும், கண்ணை விரித்து வாயைத் திறந்தபடி, முன்பின் தெரியாதவர்களின் கையிலெல்லாம் விக்கிக்கொண்டே இருந்தது.

அமுதா கணக்கு டீச்சர். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. கரும்பலகைப் பக்கம் அவள் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து தவளைச் சத்தம் வரும். திரும்பிப் பார்த்தால் அமைதி. மறுபடி சாக்பீஸை எடுத்தால் இரண்டு தவளைகள். அரையாண்டுத் தேர்வுக்குள் வேலையை விட்டுவிட்டாள். அவள் கணவர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய கைபேசிக்கே அந்த வீடியோவை யாரோ அனுப்பி, "செம்ம காமெடி" என்று எழுதியிருந்தார்கள். மணப்பெண் அவர் மனைவி என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

இன்றைக்கும் அமுதாவுக்கு விக்கல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். வெளியே சத்தம் கேட்காமல் இருக்க. சொந்த வீட்டில்!

நான் வசந்திடம் போனேன். போகாமல் இருப்பேனா?

"ஜாலிக்குத்தானடா போட்டேன் மச்சான்! எவ்ளோ பேர் பாத்துருக்காங்க தெரியுமா? உன் தங்கச்சி இப்ப ஸ்டாருடா!"

"எடுத்துடு மச்சான். அவ ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா."

"எடுக்குறேன்டா. இந்த சீசன் மட்டும் முடியட்டும். இதப் பாத்துட்டுத்தான் பார்ட்டிங்க போன் பண்றாங்க. நீயே யோசி..."

யோசித்தேன். சிரித்தேன். "சரி மச்சான்" என்றேன். அவன் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன்.

அன்று நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஓர் அறை விட்டிருக்க வேண்டும். அவன் சட்டையைப் பிடித்து நடுத்தெருவுக்கு இழுத்து வந்திருந்தால் எங்கள் நட்பு மட்டும்தான் செத்திருக்கும். ஆனால் நான் சிரித்தேன்... அந்தச் சிரிப்புக்குள்ளே நான் என்னவாக மாறிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போது தெரியவில்லை. சீசன் முடிந்த பிறகு அவன் அந்த வீடியோவை எடுத்தான். எடுத்து என்ன? அதற்குள் அது ஊரான் சொத்தாகிவிட்டிருந்தது.

அடுத்த சீசனில் அவனுக்கு ஏகப்பட்ட கல்யாணங்கள். எடுத்ததையெல்லாம் போட்டு வைக்கப் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கினான். கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே, ஒரு வயரில் தொங்கும் கறுப்புப் பெட்டி. முடிக்காத வீடியோக்கள் அத்தனையும் அதற்குள்தான். கேமரா கார்டுகளை உடனே அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விடுவான். ஆகவே அந்தப் பெட்டியில் இருப்பது வேறெங்கும் இல்லை.

அதைப் பூட்டிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டான்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இப்படி வெளியிலிருந்து மாட்டும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுக்கும். அந்த எழுத்து இருந்தால்தான் டிஸ்க் திரையில் தெரியும். எழுத்தைப் பிடுங்கிவிட்டால், உள்ளே இருப்பவை எல்லாம் பத்திரமாகவே இருக்கும், விளக்கு எரியும், தட்டு சுழலும்... ஆனால் திரையில் ஒன்றும் வராது. பார்ப்பவனுக்கு டிஸ்க் செத்ததுபோலத்தான் இருக்கும். எழுத்தைத் திருப்பிக் கொடுப்பது, தெரிந்தவனுக்கு ஒரு நிமிட வேலை.

அவன் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கட்டளையை ஒளித்து வைத்தேன். காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அது விழித்துக்கொள்ளும். சில நாள் சும்மா இருக்கும். சில நாள் அந்த எழுத்தைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். எந்த நாள் என்று எனக்கே தெரியாதபடி எழுதினேன். தினமும் வராமல் போனால் அவன் டிஸ்க்கை மாற்றிவிடுவான். வந்தும் வராமலும் இருந்தால்? பயந்துகொண்டே இருப்பான்!

முதல் அழைப்பு வந்த காலையை நான் மறக்கவே மாட்டேன்.

"மச்சான்! டிஸ்க் வரலடா! லைட் எரியுது, ஆனா உள்ள ஒண்ணுமே காட்டல. எல்லாம் அதுலதான்டா இருக்கு!"

"பதறாத. ஒண்ணும் தொடாத. நான் வர்றேன்."

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போனேன். செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது பேக்டரி வாடைக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். நான் மட்டும் திறந்தே வைத்திருந்தேன். முகத்தில் காற்று அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "பொண்ணு பாக்கப் போறியா தம்பி?" என்றுகூடக் கேட்டார்.

வசந்தின் முகம் வெளுத்திருந்தது. நான் நிதானமாக உட்கார்ந்தேன். வயரை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். டிஸ்க்கின்மேல் காதை வைத்துக் கேட்டேன். "ம்ம்..." என்றேன். அந்த 'ம்ம்'முக்கு அவன் எச்சில் விழுங்கினான், பார்த்தேன். "ஒரு டீ சொல்லு மச்சான்" என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் டீயோடு வந்தபோது கல்யாணங்கள் அத்தனையும் திரையில் வரிசையாக நின்றன.

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தேன்டா!"

அவன் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நான் அமுதாவின் குளியலறைக் குழாயை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அது ஒரு போதையாகிவிட்டது. எத்தனை முறை போனேன்! கம்ப்யூட்டரை அணைக்கவே பயந்தான். ஆனால் கரண்ட் போகாத ஊர் எது? வேலை தொடங்குமுன் அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கற்பூரம் காட்ட ஆரம்பித்தான். "ராத்திரி தூக்கத்துல 'வந்துடுச்சா, வந்துடுச்சா'ன்னு பொலம்புறாருண்ணா" என்று அவன் மனைவி என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன், முகத்தால். உள்ளே? அந்த வார்த்தைகளை ஒரு மிட்டாயைப் போல ஊர் வந்து சேரும்வரை சப்பிக்கொண்டே வந்தேன்.

வெறுப்பு இவ்வளவு இனிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருநாள் டிஸ்க்கை 'உயிர்ப்பித்த' பிறகு, "ஒரு பைலைப் போட்டுப் பாக்கலாம், நல்லா ஓடுதான்னு" என்றேன். அதுவும் நாடகத்தின் ஒரு பகுதிதான். கையில் அகப்பட்ட ஒன்றைத் திறந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கிள்ளைப் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவருடைய வீட்டுக் கல்யாணம். வரவேற்பு மேடை. நாற்காலி காலியாக இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உடை மாற்றப் போயிருந்த நேரம். பெண்ணின் அப்பா, வெயிலில் கறுத்த மனிதர், புது வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்தபடி, மறுகையில் மைக்கை வாங்கினார். கடலில் படகுக்குப் படகு கூவிப் பழகிய தொண்டை. மைக் அதைத் தாங்காமல் கீச்சிட்டது. கூட்டம் சிரித்தது, காதைப் பொத்திக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் கேமராவின் மைக் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பொண்ணு பொறந்தப்ப நான் கரையில இல்ல. கடல்ல கெடந்தேன். வந்து பாத்தா புள்ள தூங்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குக் கிட்டக்க நிக்கறேன். எனக்கு இது போதும். எல்லாரும் சாப்ட்டுப் போங்க."

அவ்வளவுதான் பேசினார். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். ஒரு கணம்... ஒரே ஒரு கணம், என் நெஞ்சில் எதுவோ இளகியது உண்மை. இந்தப் பெட்டிக்குள் வசந்த் மட்டும் இல்லை, வேறு மனிதர்களும் இருக்கிறார்கள் என்று புரிந்தது உண்மை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லவே முடியாது!

சரியாக அந்த நேரத்தில்தான் வசந்த் கேட்டான்.

"மச்சான், எதுக்கு வம்பு? இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுடலாமாடா?"

எவ்வளவு நியாயமான கேள்வி! என் கடைக்கு வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லும் முதல் புத்தி அதுதான். எது முக்கியமோ அதை இரண்டு இடத்தில் வை.

ஆனால் காப்பி எடுத்துவிட்டால்? அவன் பயம் போய்விடும். என் பயணம் நின்றுவிடும். 'வந்துடுச்சா' என்று அவன் தூக்கத்தில் புலம்ப மாட்டான்...

"வேணாம் மச்சான். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. வயர்தான் லூஸ். நான் பாத்துக்கறேன்."

"நீ சொன்னா சரிடா."

நம்பினான். என்னை அப்படி நம்பினான்!

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழிந்திருக்கும். நான் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலை வேளை. மேசையில் வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. வசந்த். எடுக்கவில்லை. மறுபடியும் வசந்த். எடுக்கவில்லை. ஒவ்வொரு அதிர்வுக்கும் கைபேசி மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டீ சொன்னேன். துடிக்கட்டும்! என் தங்கை ஒரு வகுப்பறையில் முதுகைத் திருப்ப முடியாமல் நின்றாளே, அதைப்போல இவனும் நிற்கட்டும் என்று இருந்தேன். ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. அதையும் திறக்கவில்லை.

மதியம் சாவகாசமாக நானே கூப்பிட்டேன்.

"சொல்லு மச்சான், வண்டி ஓட்டிட்டு இருந்தேன்..."

அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "விழுந்துடுச்சுடா."

"எது?"

"டிஸ்க்கு. நீ போன் எடுக்கல. நானே வயரக் கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்தேன். பின்னாடி குனிஞ்சு செருகும்போது வயர் இழுத்து மேலேர்ந்து கீழ விழுந்துடுச்சு. ஓடிட்டு இருக்கும்போதே... இப்ப டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுடா. என்னா சத்தம்டா அது?"

என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். சுழலும் தட்டின்மேல் உட்காரக்கூடாத முள் உட்கார்ந்துவிட்ட சத்தம். பொய்யாக நான் கொடுத்த நோய் அன்று நிஜமாகிவிட்டது.

பேருந்தில் போகும்போதுதான் அந்தக் குரல் செய்தியைக் கேட்டேன்.

"மச்சான், போன எடுடா. அந்தக் குப்பத்துக் கல்யாணம்டா... பொண்ணோட அப்பா செத்துட்டாராம்டா, நெஞ்சுவலி. காரியத்தன்னிக்கு வீடியோவப் போட்டுப் பாக்கணும்னு கேக்குறாங்க. இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். டிஸ்க் வரலடா... எடுடா..."

அந்தக் கறுத்த முகம் என் கண்முன் வந்தது. இடுப்பு வேட்டியைப் பிடித்திருந்த கை வந்தது. பரங்கிப்பேட்டைக்கு ஆள் இறங்கும் இடத்தில் நானும் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போனதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? டிஸ்க்கைத் தொடவில்லை. வசந்தை ஆறுதலாகத் தொடவில்லை. "கம்ப்யூட்டரைப் பாக்கறேன்" என்று உட்கார்ந்து, நான் ஒளித்து வைத்திருந்த கட்டளையைச் சுவடே இல்லாமல் அழித்தேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருபவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நானே கொண்டுபோனேன். தட்டு முழுக்கக் கீறிப்போய்விட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எத்தனை குடும்பங்களின் சிரிப்பு அந்தப் பெட்டியில் இருந்தது!

அப்போது நான் வருந்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் பொய். அந்தக் குப்பத்துக்காரருக்காக நெஞ்சு கனத்தது. ஆனால் வசந்த் ஒழிந்தான் என்ற நினைப்பு அந்தக் கனத்துக்கு அடியில் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியுமா? இருந்தன.

காரியம் முடிந்து அவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். பெண்ணின் சித்தப்பா, காரியத்துக்கு மொட்டையடித்த தலையில் இன்னும் முடி முளைக்காத மனிதர், வசந்தின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

"செத்த மனுசன் மொகத்தப் பாக்கணும்னு வந்தா, கீழ போட்டு ஒடச்சிட்டேன்றியே! நீயெல்லாம் ஒரு ஆளா? எங்க அண்ணிக்கு நான் என்னாய்யா பதில் சொல்லுவேன்?"

நான் கனவு கண்ட காட்சி அது! வசந்த் எல்லோர் முன்னாலும் கூனிக் குறுகி நிற்க வேண்டும், அவன் முகம் அவமானத்தில் கோணுவதை நான் அருகிலிருந்து பார்க்க வேண்டும்... பார்த்தேன்.

அவன் அந்தப் பிடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தான். காப்பி எடுக்கலாமா என்று அவன் கேட்டதும், நான் வேண்டாம் என்றதும் அவன் நினைவில் வந்திருக்கும். வராமல் இருக்குமா? 'இவன்தான் வேண்டாம்னான்' என்று ஒரு விரலை என்னை நோக்கி நீட்டினால் போதும்.

நீட்டவில்லை. "என் தப்புதாங்க" என்றான். "காப்பி எடுத்து வச்சிருக்கணும். எடுக்கல."

என்னைக் காப்பாற்றினான்! என் தங்கையைச் சந்தி சிரிக்க வைத்தவன் என்னைக் காப்பாற்றினான். அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு வந்தது தெரியுமா? அதுவரை இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கெட்டவனாகவே இருந்து தொலைக்கக்கூடாதா அவன்? எனக்கு அந்தச் சலுகையைக்கூடத் தரவில்லையே!

பெண்ணின் பெயர் சுகன்யா. வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. கர்ப்பமாக இருந்தாள். சித்தப்பாவை ஒருவழியாக வெளியே கூட்டிப்போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்கதான் கம்ப்யூட்டர் பாக்குறவங்களா? உங்களாலயும் முடியாதா?"

"முடியாதும்மா. மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோய்ப் பாத்துட்டேன்."

"போட்டோவெல்லாம் குடுத்துட்டாங்கண்ணா. அது இருக்கு. அப்பா மைக்குல பேசுனாராம். நான் அப்ப ரூம்ல பொடவ மாத்திட்டு இருந்தேன். என்னா சொன்னாருன்னு யாரக் கேட்டாலும் 'சத்தந்தான் கேட்டுச்சு, ஒண்ணும் வெளங்கல'ன்றாங்க. அப்பாவக் கேட்டா, 'வீடியோ வரும், பாத்துக்கோ'ன்னு சிரிச்சாரு. அதுக்குத்தான்ணா..."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. "நான் பாத்துருக்கேம்மா" என்றேன். "டிஸ்க்க டெஸ்ட் பண்ணும்போது கேட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே, அவர் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, சொன்னேன். 'கிட்டக்க நிக்கறேன்' என்ற இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தக் கைகளை!

ஊர் திரும்பியதும் அமுதாவின் வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்? மன்னிப்புக்கா? பாராட்டுக்கா? 'உனக்காகத்தான் செஞ்சேன்' என்று சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கே கேட்டது.

அவள் அரிந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"என் வீடியோ அழிஞ்சுடுச்சாண்ணா?"

"இல்ல... அது நெட்டுல..."

"அப்ப எனக்காக என்னா செஞ்ச நீ?"

அவள் காயை மறுபடியும் எடுத்து அரிய ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என் பேரச் சொல்லிடாத. உன் கால்ல விழறேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதெல்லாம் 'சாப்ட்டியா', 'வரியா' என்ற அளவில்தான்.

வசந்த் மீண்டுவிட்டான். கொஞ்ச நாள் ஊர் அவனைத் திட்டியது, பிறகு முகூர்த்த நாள்கள் வந்தன, மறந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கல்யாணத்தையும் மூன்று இடத்தில் வைக்கிறான். என்னை இன்னும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்குத் தெரியுமா? சில சமயம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறான்... தெரிந்துதான் மச்சான் என்கிறானா? கேட்க எனக்குத் துணிவில்லை. அவனை மன்னிக்கவும் மனம் இல்லை. எங்காவது ஒரு பெட்டிக்கடையில் யாராவது கைபேசியில் அந்தத் தவளைச் சத்தத்தை ஓடவிட்டால், பழைய நெருப்பு அப்படியே எழுந்து நிற்கிறது. இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தால் இன்னொன்று செய்வேனோ என்று என்னையே சந்தேகிக்கிறேன்.

சுகன்யாதான் விடமாட்டேன் என்கிறாள்.

அவ்வப்போது போன் செய்வாள். "அண்ணா, அப்பா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்." சொல்வேன். ஒருமுறை, "என் பேரச் சொன்னாராண்ணா?" என்று கேட்டாள். 'இந்தப் பொண்ணு' என்றுதான் அவர் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. நான், "சொன்னாரும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு நின்று வந்தது. இன்னொரு முறை, "அழுதாரா?" என்றாள். "கண்ணு கலங்குச்சு" என்றேன். கலங்கியதா? எனக்கு நினைவில்லை! அந்த மனிதருடைய பேச்சையும் நான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருகிறேன். மிச்சம் இருந்தது என் மண்டைக்குள் மட்டும்தான். அதன்மேலும் நானே எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கைபேசியில் அவள் எண்ணைத் தேடி எடுத்திருக்கிறேன். சொன்னால் என்ன ஆகும்? நான் சொன்ன அந்த நாலு வரியையும் அவள் நம்பமாட்டாள். அப்பாவின் பேச்சு அவளுக்கு இரண்டாம் முறையும் செத்துப்போகும். இது அவள்மேல் உள்ள இரக்கமா, என் கோழைத்தனத்துக்கு நான் போட்ட சட்டையா? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

போன வாரம் கூப்பிட்டாள். ஆண் குழந்தை, தவழ ஆரம்பித்துவிட்டானாம்.

"அண்ணா, ஒரு உதவி. அப்பா சொன்னத நீங்க சொல்லுங்க, நான் போன்ல ரெக்கார்டு பண்ணிக்கறேன். பெரியவனானா இவனுக்குப் போட்டுக் காட்டணும். தாத்தா கொரல்தான் இல்ல, உங்க கொரலாச்சும் இருக்கட்டும்."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன், அவர் சொல்லாத பெயரையும் சொன்னேன். நடுவில் குழந்தை எதையோ தட்டிச் சிரித்தது. அதுவும் சேர்ந்து பதிவாகியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அதை எனக்கே அனுப்பி வைத்தாள். கீழே, 'சரியா இருக்கா கேட்டுப் பாத்து சொல்லுங்கண்ணா' என்று எழுதியிருந்தாள்.

இன்னும் கேட்கவில்லை. இன்று காலையில் மறுபடியும் எழுதியிருக்கிறாள். 'கேட்டீங்களாண்ணா?'